பெருந்தொற்றும் குடல் நோயும்

நோய் வந்தால் மருத்துவமனையை நாடுகிறோம். அங்கே செல்வதற்கே அஞ்சும் காலம் வந்தால் நாட்பட்ட நோயாளியின் நிலை என்ன? 2020ஆம் ஆண்டில் இவ்வினாவை என் வீட்டிலேயே கண்டேன்.

என் அக்காவுக்குப் பெருங்குடல் அழற்சி நோய் உண்டு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல் பெருங்குடலின் உட்சுவரையே தாக்க, புண்ணும் குருதிக் கழிச்சலும் தோன்றும். அம்மிகையை அடக்கும் அசதியோபிரின் மாத்திரையால் அவர் நலமாயிருந்தார். 2020 மார்ச் 11இல் உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்றது. 25இல் நாடெங்கும் ஊரடங்கு. “எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து இப்போது ஆகாது, அக்கா” என்றேன். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் தந்த துணிவு! அவரும் நிறுத்திவிட்டார். சில மாதங்களில் குருதிப்போக்கு மீண்டது.

மருத்துவமனைகளில் அப்போது நிகழ்ந்தது யாது? வாய்வழியே எண்டாஸ்கோப்பிக் குழாயைச் செலுத்தும்போது நோயாளி இருமக்கூடும்; நுண்துளிகள் பரவும். மேலும், கொரோனா வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் சிறுகுடல் உயிரணுக்களிலும் உள்ளன. மலத்திலும் அதன் மரபுப்பொருள் தென்பட்டது. எனவே அவசரமல்லாத சோதனைகளைத் தள்ளிவைத்தனர். பிரிட்டனில் 2020 வசந்த காலத்தில் எண்டாஸ்கோப்பிகள் ஒரு கட்டத்தில் வழக்கமான அளவின் 5 விழுக்காட்டிற்குச் சரிந்தன. அச்சோதனையால் வாரந்தோறும் கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் 58 விழுக்காடு குறைந்தன. நோயா குறைந்தது? இல்லை; கண்டறிதல்தான் குறைந்தது!

நன்மையும் ஒன்று விளைந்தது. தொலைவிலிருந்தே மருத்துவம் பார்ப்பதற்கான நெறிமுறைகளை இந்திய அரசு அதே மார்ச் 25இல் வெளியிட்டது. அக்காவும் தொலைபேசியில்தான் மருத்துவரிடம் பேசினார். “மருந்தை நிறுத்தச் சொன்னது யார்?” என்பதே அவருடைய முதற் கேள்வி. அருகிலிருந்த நான் தலைகுனிந்தேன்.

மீண்டெழுந்த அழற்சியை அடக்க ஸ்டீராய்டு தரவேண்டியதாயிற்று. இங்கேதான் பாடம் உள்ளது. பல நாடுகளின் குடல் அழற்சி நோயாளிகளைப் பற்றித் திரட்டிய பதிவேடு, கோவிட் கடுமையாவதோடு ஸ்டீராய்டுக்குத் தொடர்புண்டு என்று காட்டியது. இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்துகளிடம் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. ஓர் ஆபத்துக்கு அஞ்சி மருந்தை நிறுத்தச் சொன்ன நானே அக்காவை அதைவிடப் பெரிய ஆபத்தின் அருகில் கொண்டு சென்றேன். நல்லூழாக அவர் தேறினார், இன்று நலமாயிருக்கிறார்.

வீட்டைப் பிரிந்து விடுதியில் வாழும் நம்மில் பலர் வயிற்று நோயை வெளியே சொல்ல நாணுகிறோம். கழிச்சலில் குருதி கண்டால் மறைக்கவேண்டா. உட்கொள்ளும் மருந்தை எவர் சொல்லியும் தாமாக நிறுத்தவேண்டா. முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அரைகுறை அறிவு அன்போடு பேசினாலும் தீங்கே செய்யும் என்பதை நான் அறிந்தது இவ்வாறுதான்.