கடை யார் பெயரில்?
(வியாபாரம் பார்க்கும் தாய்மார்களுக்கு ஒரு வரிப் பாடம்)



பழனிசெட்டிபட்டியில் கம்பம் சாலையை ஒட்டிக் காலை நேரத்தில் நடந்து வந்தால், எத்தனையோ பலசரக்குக் கடைகளில் ஷட்டரைத் தூக்கிக் கல்லாவில் அமர்வது தாய்மார்கள்தான் என்பதைக் காணலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறார்கள். சரக்குப் போடுபவரிடம் விலை பேசுவதும், கடன் சிட்டை எழுதுவதும், பாக்கி வசூலிப்பதும் அவர்களே. ஆனால் தாள்களை எடுத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. பேரூராட்சியின் தொழில் உரிமம் கணவர் பெயரில். கியூ.ஆர். அட்டையில் விழும் பணம் மகனின் வங்கிக் கணக்கில். முதல் போட்ட கடன் மகளிர் குழுவின் பெயரில். கடை நடத்தும் அம்மாவின் பெயர் எதிலும் இல்லை!

இதற்கு நேர்மாறான கடைகளும் உண்டு. வியாபாரம் முழுவதும் கணவருடையது. பலகையிலும் பதிவிலும் மட்டும் மனைவியின் பெயர். "பெண் பெயரில் இருந்தால் வரி குறைவு" என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்தது. இந்த இரண்டிலும் உள்ள ஆபத்தைத்தான் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

முதலில் அந்தப் பழைய நம்பிக்கையைத் தீர்த்துவிடுவோம். வருமான வரியில் பெண்களுக்கென ஒரு தனி விலக்கு வரம்பு இருந்தது உண்மை. 2011-12 நிதியாண்டில் மற்றவர்களுக்கு ரூ.1,80,000, பெண்களுக்கு ரூ.1,90,000. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து அந்த வேறுபாடு போய்விட்டது. ஆகவே பெண் பெயர் என்பதற்காக வருமான வரியில் இன்று ஒரு ரூபாயும் குறையாது. 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ரூ.4 இலட்சம் வரை வரி இல்லை. வருமானம் ரூ.12 இலட்சம் வரை இருந்தால், போட்ட வரி தள்ளுபடியாகிவிடும். ஆனால் 4 இலட்சத்தைத் தாண்டியவர் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வரி இல்லை என்பது வேறு, தாக்கல் இல்லை என்பது வேறு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாயின் கடையில் நாள் விற்பனை ரூ.6,000 என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 360 நாள் கடை திறந்தால் விற்றுமுதல் ரூ.21,60,000. சிறு வியாபாரிகள் முழுப் பேரேடு எழுதாமலே உத்தேச இலாபம் காட்டும் முறை ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 44 ஏ.டி. பிரிவு என்று நம் கணக்கர்கள் சொல்லி வந்தது இதுதான். 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் இம்முறை தொடர்கிறது. ரொக்க விற்பனையில் 8 சதவீதமும், வங்கி அல்லது யு.பி.ஐ. மூலம் வந்ததில் 6 சதவீதமும் இலாபம் என்று காட்டினால் போதும். எல்லாமே ரொக்கம் என்றாலும் இந்தத் தாயின் இலாபம் ரூ.1,72,800தான். வரியும் இல்லை, தாக்கல் கட்டாயமும் இல்லை. ஆனாலும் தாக்கல் செய்து வைப்பது நல்லது என்பது நம் கருத்து. வங்கியில் கடன் கேட்டுப் போகும்போது மேலாளர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளவும். இம்முறையில் நுழைந்தபின் இடையில் விட்டு வெளியேறினால், ஐந்தாண்டுகளுக்குத் திரும்ப வர முடியாது.

தாக்கல் செய்யத் தயங்குவதற்கு ஒரு காரணம் பல தாய்மார்கள் வாயிலாகக் கேட்டோம். "கணக்குக் காட்டினால் மாதம் ஆயிரம் ரூபாய் நின்றுவிடுமே!" இந்த அச்சம் முழுவதும் தவறல்ல, முழுவதும் சரியுமல்ல. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியபோது வகுத்த விதிப்படி, ஆண்டு வருமானம் ரூ.2.5 இலட்சத்துக்கு மேல் ஈட்டி வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்பவர்களும் வரி செலுத்துபவர்களும், ஆண்டு விற்பனை ரூ.50 இலட்சத்துக்கு மேல் செய்து ஜி.எஸ்.டி. செலுத்தும் தொழில் உரிமையாளர்களும் விலக்கப்பட்டனர். மேலே சொன்ன ரூ.1,72,800 இலாபக்காரர் அந்த விற்பனை வரம்புக்கும் வருமான வரம்புக்கும் உள்ளேதான் இருக்கிறார். கணவரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஜி.எஸ்.டி. 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பனை வரி கட்டிய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. 2007-இல் வாட் வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. தமிழகத்தில் பொருள் மட்டும் விற்பவர்களுக்குப் பதிவு வரம்பு ரூ.40 இலட்சம். இந்த 40 இலட்சத்தைக் கணக்கிடும்போது வரியில்லாப் பொருளின் விற்பனையையும் சேர்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சில்லறையாக நிறுத்துப் போடும் அரிசி, பருப்பு, அப்பளம், காய்கறி எல்லாம் இதில் அடங்கும். அரிசி, பருப்பைப் பொதியிட்டுப் பெயர் ஒட்டி 25 கிலோ வரை விற்றால், 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி உண்டு. (26 கிலோ மூட்டை ஏன் வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா?)

நாள் விற்பனை ரூ.13,000 உள்ள கடைக்கு ஆண்டு விற்றுமுதல் ரூ.46,80,000 ஆகிறது. பதிவு கட்டாயம். ஆனால் ரூ.1.5 கோடி வரை இணக்க வரி முறை, அதாவது காம்போசிஷன், இருக்கிறது. வியாபாரிக்கு 1 சதவீதம். அதுவும் வரிக்குரிய பொருளின் விற்பனை மேல் மட்டுமே. பாதிச் சரக்கு வரியில்லாதது என்றால் ரூ.23,40,000-க்கு ஆண்டு வரி ரூ.23,400. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டினால் போதும். இதை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியையும் கழிக்க முடியாது. நம் கைக்காசுதான். இதையும் வைத்தே விலை போட வேண்டும்.

இங்கே நம் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டிலேயே மசாலாப் பொடி, ஊறுகாய், முறுக்கு போட்டு விற்கும் தாய்மார்கள் குமுளிக்கும் கட்டப்பனைக்கும் பொட்டலம் அனுப்புகிறார்கள். காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டால் மதியத்துக்குள் போய்விடுகிறது. தூரம் குறைவு, ஆனால் நடுவில் இருப்பது மாநில எல்லை. வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்பவர், விற்பனை ஆயிரம் ரூபாயானாலும், 40 இலட்ச வரம்பைப் பார்க்காமல் பதிவு செய்ய வேண்டும். இணக்க வரி முறையும் அவருக்குக் கிடையாது. நம் கடைக்கே வந்து சில்லறையாக வாங்கிப் போகும் கேரள வாடிக்கையாளருக்கு இது பொருந்தாது. ஊறுகாய்க்காரர் இதை முன்பே யோசித்து, எல்லைக்கு அந்தப் பக்க விற்பனை பதிவுச் செலவுக்குத் தாங்குமா என்று கணக்குப் பார்க்கட்டும். தாங்கும் என்றால் துணிந்து பதிவு செய்யலாம். மிக்சர், முறுக்கு போன்ற பொதியிட்ட காரவகைக்கு வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துள்ளது. உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் உள்ளூர் விற்பனைக்கும் தேவை. வீட்டு அடுப்பு என்பதால் விலக்கு இல்லை.

இனி பெயர் விஷயத்துக்கு வருவோம். கணவர் ரூ.2 இலட்சத்தை மனைவிக்கு இனாமாகக் கொடுத்தார். மனைவி தாய் வீட்டு நகையை அடகு வைத்து ரூ.3 இலட்சம் சேர்த்தார், ரூ.5 இலட்சம் முதலில் கடை மனைவி பெயரில். ஆண்டு இலாபம் ரூ.2 இலட்சம். இதில் ஐந்தில் இரண்டு பங்கு, ரூ.80,000, கணவரின் வருமானத்தோடுதான் சேரும். கடையில் உழைத்தது மனைவியே என்றாலும் சட்டம் முதலைத்தான் பார்க்கிறது. நகையில் வந்த பங்கு அவருடையதே. பெற்றோர் கொடுத்ததும் அப்படியே. கணவர் கொடுப்பதை இனாமாக அல்லாமல் கடனாக, நியாய வட்டியோடு எழுதி வைத்து வாங்கினால் இந்தச் சிக்கல் எழாது. அக்கடனை வங்கி மூலமே வாங்க வேண்டும், ரூ.20,000-மும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்குவது கூடாது. கணவர் கடையில் மனைவிக்குச் சம்பளம் எழுதிக் கழிப்பவர்களும் கவனிக்கவும். மனைவிக்கு அந்த வேலைக்கான தொழில்நுட்பத் தகுதி இல்லையென்றால் அச்சம்பளம் கணவரின் வருமானமாகவே கருதப்படும்.

கியூ.ஆர். அட்டைக்கு வருகிறோம். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யு.பி.ஐ. வழியே வந்த தொகையைக் கூட்டிப் பார்த்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு அறிவிப்பு அனுப்பியது. பெங்களூரில் பல கடைகளில் "ரொக்கம் மட்டும்" என்று அட்டை தொங்கியது. பால், காய்கறி விற்றவர்களுக்கும் அறிவிப்பு போயிற்று. வரியில்லாப் பொருளுக்கு வரி கிடையாது என்று துறை பிறகு விளக்கியது. விற்றது இன்னதென்று காட்டக் கொள்முதல் ரசீது கையில் இருந்தால் கவலை குறைவு. ஆதலால் தாயின் கடைப் பணம் மகன் கணக்கில் விழுவதை இன்றே மாற்ற வேண்டும். மகனுக்கு நாளை வேலை கிடைத்து அவன் கணக்கு ஆராயப்பட்டால், கடையின் இலட்சங்களுக்கு அவன் பதில் சொல்ல நேரும். அதே தாய், தன் கடையில் இவ்வளவு விற்றது என்று காட்டக் கையில் ஒன்றும் இல்லாமல் வங்கியில் நிற்பார்.

வங்கி என்றதும் முத்ரா கடனைச் சொல்ல வேண்டும். ரூ.50,000 வரை சிசு, 5 இலட்சம் வரை கிஷோர், 10 இலட்சம் வரை தருண். சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. இதற்குத் துணையாகும் உத்யம் பதிவு இலவசம்; ஆதாருடன் பான் எண்ணும் வேண்டும். சில்லறை, மொத்த வியாபாரிகளையும் 2021 ஜூலையில் இதில் சேர்த்தார்கள். பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம். மகளிர் குழுக்கடன் நல்ல துணைதான். 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய அந்த இயக்கம் எத்தனையோ வீடுகளைக் கந்துவட்டியிலிருந்து மீட்டது. ஆயினும் குழுக்கடனில் கடைக்குப் போட்டதைக் கடைப் பேரேட்டில் வரவு வைக்காவிட்டால், கடையின் முதல் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று இல்லாமல் போகும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கடைச் செலவாக எழுதுவதும் தவறு; அது சொந்தப் பற்று.

கணவர் பெயரில் பதிவு இருந்து, அவர் காலமாகிவிட்டால் என்ன ஆகும்? ஜி.எஸ்.டி. பதிவு வாரிசுக்குத் தானாக வராது. பதிவுக்குரிய கடையைத் தொடர்ந்து நடத்தும் மனைவி 30 நாளுக்குள் தன் பெயரில் புதிய பதிவுக்கு மனுச் செய்ய வேண்டும். இருப்புச் சரக்கில் மிஞ்சிய உள்ளீட்டு வரியை மாற்றிக்கொள்ளத் தனிப் படிவம் இருக்கிறது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். துக்க வீட்டில் இந்த வேலைகளைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. 1989-இல் அமைந்த தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் குடும்ப நல நிதி கிடைக்கும். அதை ரூ.3 இலட்சத்திலிருந்து 5 இலட்சமாக உயர்த்துவதாக 2025 மே 5 அன்று அறிவிப்பு வந்தது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு கடைக்காரரும் சேரலாம். ஆனால் உறுப்பினர் அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவரைச் சார்ந்தே அந்த நிதி.

பெயரை மாற்ற எண்ணும் தாய்மார்கள் முதலில் பான் அட்டை, தன் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு, பேரூராட்சியின் தொழில் உரிமம் ஆகியவற்றைச் செய்துகொள்ளவும். (தொழில் உரிமக் கட்டணமும் அரையாண்டுத் தொழில் வரியும் வேறு வேறு, ஒன்றின் ரசீது மற்றதற்கு ஆகாது.) கடை நடக்கும் இடம் மாமனார் பெயரில் இருந்தால், வீட்டு வரி ரசீது அல்லது மின் கட்டண ரசீதுடன் அவரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கினால் போதும், பத்திரத்தை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. மொத்த வியாபாரிகளும் அடுத்த பில்லிலிருந்து அந்தத் தாயின் பெயரிலேயே சரக்கு ரசீது போட்டுக் கொடுக்க வேண்டுகிறோம்.