அரளி அந்துப்பூச்சி

நெடுஞ்சாலைகளின் நடுவே அரளிச் செடிகள் வரிசையாக நிற்பதைக் காண்கின்றோம். ஆடுமாடுகள் அவற்றை மேய்வதில்லை. இலை, பூ, வேர் ஆகிய எல்லாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு உண்டு. எனினும், அந்த இலையையே தின்று கொழுக்கும் புழு ஒன்றும் உண்டு. வளர்ந்தபின் அதுவே அழகிய அந்துப்பூச்சியாகின்றது. 1758-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு அதற்கு அரளியின் பெயரையே சூட்டினார். நம் தோட்டங்களில் நந்தியாவட்டையையும் அது விட்டுவைப்பதில்லை.

தாய்ப்பூச்சி இரவில் தளிர்களை நாடி வந்து, வெளிர்பச்சை முட்டைகளைத் தனித்தனியே இடும். சில நாள்களில் மஞ்சள்நிறப் புழு வெளிவரும். அதன் வாற்புறத்தில் மெல்லிய கரிய கொம்பு ஒன்று நீண்டு நிற்கும். அதனைக் கொடுக்கு என்று எண்ணி அஞ்சுவோர் பலர். அது யாரையும் கொட்டாது. புழு ஓயாது தின்று பருக்கும். தோல் இறுகும்போதெல்லாம் அதனை உரித்தெறியும். நான்கு முறை தோலுரித்தபின், விரற்பருமனும் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் நீளமும் உடைய பச்சைப்புழுவாக விளங்கும்.

கடிக்கவும் கொட்டவும் அறியாத இப்புழு பகைவரிடமிருந்து தப்புவது எங்ஙனம்? அதன் தலைக்குப் பின்னே நீலமும் வெண்மையும் கலந்த வட்டங்கள் இரண்டு உள. குச்சியால் மெல்லத் தொட்டால், புழு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்னுடலை உப்பச் செய்யும். உடனே அவ்வட்டங்கள் அகல விழித்த கண்களாகத் தோன்றும். பாம்போ என்று ஐயுற்றுப் பறவை ஒரு கணம் தயங்கினால் போதும், புழு பிழைத்துக்கொள்ளும். சிறு குளவிகளோ இதற்கு ஏமாறுவதில்லை. அவை அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே தம் முட்டையை இட்டுவிடும்.

முற்றிய புழு உண்பதை நிறுத்தும், பசுமை மங்கும். செடியினின்று இறங்கி, சருகுகளை நூலால் தளரப் பிணைத்து, அதனுள் கூட்டுப்புழுவாகும். தோட்டம் பெருக்குவோர் சருகோடு சேர்த்து இதனையும் எரித்துவிடுவதுண்டு. தப்பியது, வெப்பமான நாள்களில் இரண்டொரு வாரங்களில் கூட்டைப் பிளந்து வெளிவரும். சுருங்கியிருந்த சிறகுகள் சிறிது நேரத்தில் விரிந்து உலரும். விரித்த சிறகின் அகலம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். பச்சையும் இளஞ்சிவப்பும் வெண்மையும் அலையலையாய்ப் படர்ந்த அச்சிறகுகளோடு பகலில் இலைகளிடையே அமர்ந்திருப்பின், அதனைக் கண்டுகொள்வது அரிது. அந்தி மயங்கியதும் மணமலர்களின் முன் அந்தரத்தில் நின்றபடியே, கடிகாரச் சுருள்வில் போன்ற உறிஞ்சுகுழலை நீட்டித் தேனருந்தும்.

இப்பூச்சியின் பறக்கும் ஆற்றல் வியப்பிற்குரியது. ஆப்பிரிக்காவிலிருந்து வேனிற்காலத்தில் மத்தியதரைக் கடலைக் கடந்து ஐரோப்பாவை அடைவனவும் உண்டு. அங்கும் அரளியைத் தேடி முட்டையிடும். ஆயினும், வட நாடுகளின் கடுங்குளிரை அதன் வழித்தோன்றல்கள் தாங்குவதில்லை. அடுத்த வேனிலில் தெற்கிலிருந்து வேறு பூச்சிகள் புறப்படும்.