ஊரும் முகவரியும்

தேவிகுளம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது? “இடுக்கி” என்பீர்கள். ஆனால் 1972 சனவரி 25-ஆம் நாள் கேட்டிருந்தால் “கோட்டயம்” என்பதே விடை. மறுநாள்தான் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்கள் கோட்டயத்திலிருந்தும், தொடுபுழை வட்டம் எறணாகுளத்திலிருந்தும் பிரிந்து இடுக்கி மாவட்டமாயின. பாலக்காடு நகரமோ 1956 நவம்பர் முதல் நாளுக்கு முன் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஊர்கள் இடம்பெயரவில்லை, அவற்றின் தலைப்பெயரே மாறிற்று.

எல்லைப்புறத் தமிழரின் ஊர்வரலாறுகளை இணையத்தளத்தில் தொகுக்க விரும்பும் மாணவ நண்பர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

வேர்ட்பிரஸ் என்னும் தள மென்பொருளில் பதிவுவகை, பகுப்பு என இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. “இஃது என்ன?” என்பதற்கு விடை பதிவுவகை: ஊர்வரலாறு, நேர்காணல், நூல்மதிப்புரை. “இஃது எதைச் சார்ந்தது?” என்பதற்கு விடை பகுப்பு: மாவட்டம், தொழில், காலம். ஒரு கட்டுரைக்கு வகை ஒன்றே, பகுப்போ பல. சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையும் ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல், இடம், காலம் முதலிய பல முகங்களாகக் காண்கிறது.

இனி முகவரி. “கோட்டயம்/தேவிகுளம்” என்று அமைத்தால், மாவட்டம் மாறும்போது முகவரியும் மாறும். பழைய முகவரியை மேற்கோள் காட்டிய மாணவன் வெறும் பக்கத்தையே காண்பான். “ஊர்வரலாறு/தேவிகுளம்” என்றிருப்பின் அஃது என்றும் நிலைக்கும். “மாவட்டம்/இடுக்கி” என்பது பட்டியற்பக்கமாக மட்டும் இருக்கட்டும். மாவட்டம் மாறினால் பகுப்பை மாற்றினாற் போதும். கட்டுரையின் முகவரிக்கு ஊறு நேராது.

செய்முறையில் நான்கு கருதுக:

1. பதிவுவகையின் உட்பெயர் 20 எழுத்துக்கு மிகலாகாது.

2. வகையின் முகவரிச்சொல்லை வேறொரு பக்கத்திற்கும் இடாதீர். இரண்டில் ஒன்று மறைந்துவிடும்.

3. வகையைச் சேர்த்தபின், நிலைமுகவரி அமைப்பைத் திறந்து ஒருமுறை சேமிக்க வேண்டும். சேமிக்காவிடில் பழைய விதிகளே நிற்கும். புதிய பக்கம் “காணவில்லை” என்று வரும்.

4. தமிழில் முகவரி எழுதலாம். ஆயினும் கணினிக்குறியாக மாறும்போது உயிர்க்குறி, புள்ளி உட்பட ஒவ்வொரு குறியும் 9 இடம் கொள்ளும். “தேவிகுளம்” என்பதற்கே 81 இடம். வரம்போ 200. ஆதலின் சுருங்கச் சொல்லுக.

ஏற்கெனவே மாறிப்போன முகவரி இருப்பின், 301 என்னும் நிலையான வழிமாற்றத்தால் பழையதைப் புதியதோடு இணைத்துவிடுக.

ஆட்சியெல்லைகள் இனியும் மாறலாம். நம் ஊர்களின் வரலாற்றைத் தேடி வருபவன் வழி தவறாதிருக்க, மாறாததை முகவரியில் வைப்போம். மாறுவதைப் பகுப்பில் வைப்போம்.