தோட்டத்துக் கேமராவுக்கு வைஃபை எட்ட வைப்பது எப்படி?

வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ரூட்டர். மாட்டுக் கொட்டகையோ மோட்டார் ரூமோ அறுபது, எழுபது மீட்டர் தள்ளி. அங்கே மாட்டிய வைஃபை கேமரா காலையில் படம் காட்டும். மத்தியானம் பார்த்தால் ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும். கடையில் கேட்டால், நாலு ஆன்டெனா வைத்த பெரிய ரூட்டரை எடுத்து மேஜையில் வைப்பார்கள். அதற்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். வைஃபை என்பது இரண்டு பக்கமும் நடக்கிற பேச்சு. ரூட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், கேமரா திரும்பச் சொல்வது ரூட்டரின் காதில் விழ வேண்டும். படம் கேமராவிலிருந்துதான் வருகிறது. கேமராவின் ரேடியோவோ சின்னது. ஆகவே பெரிய ரூட்டர் பாதிப் பிரச்சினையைத்தான் தொடும். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு காதைக் கொண்டுபோய் வைப்பதுதான் நிலையான வழி. அதை எப்படிச் செய்வது, அதற்கு முன் செலவில்லாமல் எதையெல்லாம் செய்து பார்க்கலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் அளந்து பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் ‘வைஃபை அனலைசர்’ வகை ஆப் ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். அது சிக்னலை டிபிஎம் என்ற அளவில், மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 50 மிக நல்லது. மைனஸ் 65 வரை கேமராவுக்குக் கவலையில்லை. மைனஸ் 70-ஐத் தாண்டினால் படம் திக்கும். மைனஸ் 80-க்குப் போய்விட்டால் அந்த இடத்தில் கேமரா இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கேமரா மாட்டிய அதே உயரத்தில் போனைப் பிடித்து அளக்க வேண்டும். ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தாலும் ஏறுங்கள். தரையில் நின்று எடுக்கும் எண்ணும் பத்தடி உயரத்தில் எடுக்கும் எண்ணும் ஒன்றாக இருக்காது. ரூட்டர் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், உங்கள் உடம்பே சிக்னலை மறைக்கும். வழக்கமாகச் சாத்தியிருக்கும் கதவு சாத்தியே இருக்கட்டும். அங்கேயே ஒரு ஸ்பீட் டெஸ்ட்டும் ஓட்டிப் பாருங்கள். அதில் பார்க்க வேண்டியது அப்லோடு வேகம். 1080பி கேமரா ஒன்றுக்குச் சுமார் 2 எம்பிபிஎஸ் போதும், எச்.265 முறையில் பதிவு செய்யும் கேமராவுக்கு அதில் பாதியே போதும். 3, 4 எம்பிபிஎஸ் விட்டுப்போகாமல் நின்றால் வேலை முடிந்தது. தூரத்துக் கேமராவுக்கு அதிவேகம் தேவையில்லை, அறுந்து போகாத இணைப்புதான் தேவை. சாமான் வாங்கும்போது இது நினைவிலிருந்தால் பணம் மிஞ்சும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

விலை குறைந்த வைஃபை கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்யும். ரூட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்கில் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். கேமராவை 2.4-இல் சேருங்கள். அதன் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். சேனலை 1, 6, 11 மூன்றில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றில் நிறுத்துங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருந்தால் பழைய கேமரா உள்ளேயே நுழையாது, டபிள்யூபிஏ2-வுக்கு மாற்றுங்கள்.

அடுத்து ரூட்டர் இருக்கும் இடம். ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்தவர் எங்கே துளை போட வசதியோ அங்கே மாட்டிவிட்டுப் போயிருப்பார். பல வீடுகளில் அது டிவி ஷெல்ஃபுக்குள், இரும்பு பீரோவுக்குப் பின்னால், லாஃப்ட்டின் மூலையில் இருக்கிறது. செங்கல் சுவர் சிக்னலைக் கொஞ்சம் தின்னும். கம்பி கட்டிய கான்கிரீட் நிறையத் தின்னும். தகரமும் கண்ணாடியில் பூசிய ரசமும் திருப்பியே அனுப்பிவிடும். தோட்டப் பக்கம் பார்த்த ஜன்னல் ஓரத்துக்கு, ஐந்தாறு அடி உயரத்துக்கு ரூட்டரை நகர்த்தினாலே பத்து டெசிபல் வரை ஏறக்கூடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. அப்படியென்றால் ஒரு சுவரைத் தவிர்ப்பது எவ்வளவு பெரிய லாபம் என்று பாருங்கள். குச்சி ஆன்டெனாவின் நுனியைக் கேமராவை நோக்கிக் காட்டாதீர்கள். சிக்னல் குச்சியின் பக்கவாட்டில்தான் பரவுகிறது, நுனியில் மிகக் குறைவு. ஆன்டெனாவை நேராக நிமிர்த்தி வையுங்கள்.

கேமரா பக்கத்திலும் ஒரு வேலை உண்டு. கொட்டகையின் தகரக் கூரைக்கு அடியில், தகரச் சுவரைப் பார்க்க மாட்டியிருந்தால், ஓர் அடி வெளியே வரும்படி கிளாம்ப் போட்டு நகர்த்துங்கள்.

இவ்வளவும் செய்து மைனஸ் 65 கிடைத்துவிட்டால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ரிப்பீட்டர் வைப்பதானால்

ரிப்பீட்டர் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் காரணம் வைத்த இடம்தான். கேமராவுக்குப் பக்கத்தில், சிக்னலே இல்லாத இடத்தில் மாட்டுகிறார்கள். அங்கே அதற்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் கிடைக்காது. ரூட்டரின் சிக்னல் இன்னும் மைனஸ் 60 அளவில் நன்றாக இருக்கும் கடைசி இடத்தில், பெரும்பாலும் தோட்டப் பக்கத்து வராந்தாவில், அது இருக்க வேண்டும். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். 2 எம்பிபிஎஸ் கேட்கும் கேமராவுக்கு அது பொருட்டல்ல. முப்பது, நாற்பது மீட்டர் தூரத்துக்கு இது சரிப்படும். அதற்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேபிள் இழுப்பதுதான் ராஜவழி

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டர் ஒன்றும் லேன் கேபிளும் போதும். லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும். கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி பாதி விலைக்குக் கிடைக்கும். தூரம் போனால் கைவிடும். வெளியே ஓட்டுவதற்குக் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் வகைதான் வேண்டும், சாம்பல் நிற வீட்டுக் கேபிள் வெயிலில் வெடித்துவிடும். பிவிசி பைப்புக்குள் விட்டு மண்ணில் ஓர் அடிக்குக் கீழே புதையுங்கள். மோட்டாருக்குப் போகும் கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் சேர்த்து விடக் கூடாது. கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழே தொங்கி மேலேறும்படி ஒரு வளைவு விடுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் இறங்காது.

ஆர்ஜே45 அடிக்கும் வரிசை: கிளிப் பின்னால் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை.

பழைய ரூட்டரை அக்சஸ் பாயின்ட்டாக மாற்ற மூன்று மாற்றங்கள். வீட்டு ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். டிஎச்சிபி-யை அணையுங்கள். கேபிளை வேன் துளையில் செருகாமல் லேன் துளை ஒன்றில் செருகுங்கள். வீட்டு ரூட்டர் சேனல் 1 என்றால் இதை 11-இல் வையுங்கள். வைஃபைக்குத் தனிப்பெயர் கொடுத்துவிட்டால், கேமரா தூரத்து ரூட்டரைப் பிடித்துத் தொங்காது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனித்தனி எர்த்திங் உள்ள இரண்டு கட்டடங்களைச் செம்புக் கேபிளால் கட்டினால், பக்கத்தில் இடி விழும்போது கேபிள் வழியே வரும் அதிர்ச்சி இரண்டு முனையிலும் உள்ள சாதனங்களைச் சுட்டுவிடும். ஐப்பசி மழையில் இடி இறங்கும் ஊர்களில் இது சாதாரணம். ஐம்பது மீட்டருக்கு மேல் போனால் செம்புக்குப் பதில் ஃபைபர் இழுப்பதே நல்லது. ஃபைபரில் மின்சாரம் பாயாது. இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் ஒரு ஜோடி, அதில் ஏ என்று குறித்தது ஒரு பக்கம், பி என்று குறித்தது மறுபக்கம். முனை ஒட்டும் மெஷின் உங்கள் ஊர் ஃபைபர் இணைப்புக்காரரிடமே இருக்கும்.

கேபிள் இழுக்க முடியாத இடத்தில்

நடுவில் வாய்க்கால், அடுத்தவர் நிலம், ரோடு என்று வந்தால் வயர்லெஸ் பிரிட்ஜ். இது வெளியில் மாட்டும் இரண்டு ஆன்டெனாப் பெட்டிகள், ஒன்றை ஒன்று நேராகப் பார்த்தபடி. டிபி-லிங்க் சிபிஇ510 போன்றவை 5 கிகாஹெர்ட்ஸில் 13 டெசிபல் கூர்மையோடு வருகின்றன. வீட்டுப் பக்கத்தை அக்சஸ் பாயின்ட் முறையிலும், தோட்டப் பக்கத்தை கிளையன்ட் முறையிலும் வைத்து, தோட்டப் பெட்டியிலிருந்து சின்ன கேபிளில் பழைய ரூட்டருக்குக் கொடுத்தால் கேமரா அதில் சேர்ந்துகொள்ளும்.

பிரிட்ஜுக்கு ஒரே நிபந்தனை, இடையில் எதுவும் குறுக்கிடக் கூடாது. 100 மீட்டர் தூரத்துக்கு நேர்கோட்டைச் சுற்றி, நடுப்பகுதியில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வெற்றிடம் வேண்டும். தென்னந்தோப்புக்காரர்கள் பெட்டியை மொட்டை மாடியின் உச்சிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அங்கே மட்டைகள் காற்றில் ஆடி ஆடி சிக்னலை அறுக்கும். வளர்ந்த தோப்பில் திறந்த வெளி கீழேதான் இருக்கிறது. 25 அடி இடைவெளியில் நட்ட இரண்டு வரிசைகளுக்கு நடுவே, மூன்று மீட்டர் உயரத்தில், சந்து வழியாகப் பார்க்கும்படி மாட்டினால் மட்டைக்கும் பிரச்சினையில்லை, ஆளுக்கும் பிரச்சினையில்லை. கரும்பும் வாழையும் வேறு கதை. தண்ணீர் நிறைந்த இலை சிக்னலைக் குடிக்கும். கரும்பு வெட்டிய பிறகு சோதித்து, நன்றாக இருக்கிறதென்று மாட்டினால், அடுத்த பயிர் ஆள் உயரத்தைத் தாண்டும்போது இணைப்பு செத்துவிடும். முற்றிய பயிருக்கு மேல் போகும் உயரத்தில் கம்பம் நடுங்கள்.

இருநூறு, முந்நூறு மீட்டர் தாண்டி நேர்ப்பார்வையும் இல்லையென்றால், சிம் போடும் 4ஜி கேமராவை வாங்குவதே மலிவு. அங்கே எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக வருகிறது என்று பார்த்துவிட்டு சிம் வாங்குங்கள்.

கரண்ட், அதற்கப்புறம் ராத்திரி

வீட்டில் கரண்ட் போனால் ரூட்டர், ஃபைபர் பெட்டி, அக்சஸ் பாயின்ட், கேமரா எல்லாம் சேர்ந்து அணையும். இன்வெர்ட்டரில் ரூட்டர் மட்டும் ஓடினால் பயனில்லை. லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பிஓஇ அடாப்டரை வீட்டு முனையில் வைத்தால், பிஓஇ ஏற்கும் தூரத்துப் பெட்டியும் வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓடும். ஃபைபர் போட்டவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் அந்தப் பக்கம் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் மாட்டியான பிறகு, இருட்டிய பின் ஒரு முழு இரவு பாருங்கள். பகலெல்லாம் ஒழுங்காக இருந்து ராத்திரி மட்டும் அறுபடும் கேமராவில் பெரும்பாலும் சிக்னல் குற்றம் இருக்காது. இருட்டில் இன்ஃப்ரா ரெட் விளக்குகள் எரியத் தொடங்கியதும் கேமரா அதிக கரண்ட் கேட்கும். 5 வோல்ட் அடாப்டரிலிருந்து மெல்லிய ஒயரைப் பத்து மீட்டர் நீட்டியிருந்தால் வழியிலேயே வோல்ட் இறங்கிப் போய், கேமரா அணைந்து அணைந்து எழும். கேமராவுக்குப் பக்கத்திலேயே 230 வோல்ட் பாயின்ட் எடுத்து, அடாப்டரை மழை படாத பெட்டிக்குள் வைத்து, ஒயரை ஒரு மீட்டருக்குள் முடித்துவிடுங்கள். கேமராவில் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டும் போட்டுவையுங்கள். இணைப்பு அறுந்த நேரத்தில் நடந்ததும் அதில் பதிவாகியிருக்கும். கேமராவோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.