பெட்டியைத் திறந்து வையுங்கள்



சென்ற மாதம் எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். கணவருக்கு இங்கே நாக்பூர் மிகானில் மென்பொருள் வேலை. மனைவி கோவைப் பக்கம். வந்து எட்டு மாதம் ஆகிறது. கூடத்தில் ஒரு சோபா, ஒரு தொலைக்காட்சி. சுவரோரமாக ஒன்பது அட்டைப் பெட்டிகள், ஒட்டிய டேப்பைக் கூடப் பிரிக்காமல். "எப்படியும் ரெண்டு வருஷத்துல பெங்களூர் போயிடுவோம் அங்கிள், அதான் பிரிக்கலை" என்றார் அந்தப் பெண்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே வார்த்தைகளைப் பதினோரு ஆண்டுகள் சொன்னவன் நான். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி, "நம்ம கதையை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் எல்லோருக்குமே பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். வீட்டை அலங்கரிப்பது பணமும் பொழுதும் உள்ளவர்களுக்கான பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு என்பதை நான் நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆணி அடிக்க விடாத அதிகாரி

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிக்கு அருகே. சிவில் பட்டயப் படிப்பு முடித்து 1981இல் ரயில்வேயில் சேர்ந்தேன். ஐ.ஓ.டபிள்யூ. என்று அப்போது சொல்லும் வேலை. பிற்பாடு அதற்கு செக்ஷன் எஞ்சினியர் என்று பெயர் மாற்றினார்கள். ஸ்டேஷன் கட்டிடம், குவார்ட்டர்ஸ், குழாய், சாக்கடை எல்லாம் எங்கள் பொறுப்பு. 1986இல் நாக்பூருக்கு வந்தேன்.

குவார்ட்டர்ஸ் சுவரில் யாராவது ஆணி அடித்தால் எனக்குப் பொறுக்காது. வீட்டைக் காலி செய்யும்போது ஓட்டைகளை எண்ணிப் பார்ப்பேன். ஊருக்கு உபதேசம் செய்தவன் வீட்டிலும் அதே சட்டம்தான். ஒரு காலண்டரைத் தவிர எங்கள் சுவரில் ஒன்றும் தொங்கியதில்லை. "மூணு வருஷம்தான், அப்புறம் தெற்கு ரயில்வேக்கு மாற்றல் கேட்டுடலாம்" என்பேன். ஆனால் சொந்த விருப்பத்தில் வேறு ரயில்வேக்குப் போனால் சீனியாரிட்டி பட்டியலில் கடைசி ஆளாக நிற்க வேண்டும். அதனால் அடுத்த பதவி உயர்வு வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

என் மனைவியிடம் அவள் அம்மா கொடுத்த கொலு பொம்மைகள் இருந்தன. பண்ருட்டி பொம்மைகள், ஒரு ஜோடி மரப்பாச்சி. பழைய துணியும் வைக்கோலும் சுற்றி, கறுப்பு டிரங்குப் பெட்டியில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ஒவ்வொரு புரட்டாசியிலும் கேட்பாள், "இந்த வருஷமாவது படி கட்டலாமா?" என்று. "ஊருக்குப் போனதும் வச்சுக்கலாம்" என்பேன். ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதைச் சம்மதம் என்று நான் எண்ணிக்கொண்டேன். மீதியைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடங்களைப் பார்ப்போம்.

முதல் பாடம்: வெயிலும் காற்றும்

புது ஊரில் திரைச்சீலை வாங்கக் கடைக்குப் போகுமுன், எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். காரணம், நம் ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது. நம் பக்கம் புழுக்கம் என்றால் ஜன்னலைத் திறப்போம். நாக்பூரில் மே மாதம் 45 டிகிரியைத் தாண்டும். பகலில் ஜன்னலைத் திறந்தால் அனல் காற்றுதான் உள்ளே வரும். காலை 10 மணிக்குள் மூடி, சூரியன் சாய்ந்து வெளிக்காற்று தணிந்த பிறகு திறப்பதே முறை. மேற்குச் சுவர் பகல் முழுவதும் சூட்டை வாங்கி வைத்து, இரவில் உள்ளே விடும். கட்டிலின் தலைமாட்டை அங்கே வைக்காதீர்கள். கனமான பருத்தித் திரையும் புத்தக அலமாரியும் அந்தப் பக்கம் இருக்கட்டும்.

அடுத்து கூலர். ஈரப் பட்டையின் வழியாகக் காற்று வரும்போது தண்ணீர் ஆவியாகி, காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று வறண்டிருக்கும் அளவுக்குத்தான் அது குளிரும். அதனால் நாக்பூரில் 44 டிகிரிக் காற்றை அது 30க்கு அருகில் கொண்டுவரும். அதே பெட்டி சென்னைக் கடற்கரையில் அறையை நசநசவென்று ஆக்குவதோடு சரி. ஜூலையில் மழை பிடித்துவிட்டால் இங்கேயும் அதே கதிதான். கூலர் ஓடும்போது எதிர்ப்பக்க ஜன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள். ஈரக் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் குளிர்ச்சி நின்றுவிடும். தொட்டியை வாரம் ஒரு முறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். இல்லையேல் கொசுப் பண்ணைதான்.

எங்கள் முதல் கோடையில் பக்கத்து வீட்டார் கூலருக்கு ஒரு புல் பட்டை வாங்கித் தந்தார்கள். இந்தியில் 'கஸ்', மராத்தியில் 'வாளா'. தண்ணீர் பட்டதும் எழுந்த வாசனையில் என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "இது எங்க பாட்டி பானைத் தண்ணியில போடற வெட்டிவேர்!" என்றாள். அதேதான். புதிய ஊரின் பொருள் என்று நினைத்தது நம் வீட்டுப் பொருளாகவே இருப்பதும் உண்டு. கவனித்தால்தான் தெரியும்.

இரண்டாம் பாடம்: சுவரும் விளக்கும்

ஆணிக்குத் தடை விதித்தவன் இப்போது பரிகாரம் சொல்கிறேன். வாடகை வீடானால் முதலில் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். சுத்தியலால் அறையாதீர்கள், பூச்சு பெயர்ந்துவிடும். 6 மில்லிமீட்டர் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகாணி முடுக்குங்கள். சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது. சுவருக்குள் மின்கம்பி போகும் பாதை அது. குளியலறைக்கு மறுபக்கச் சுவரில் குழாய் எங்கே போகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது துளையில் புட்டி அடைத்து வர்ணம் தடவினால் என்னைப் போன்ற அதிகாரிக்கும் கண்ணில் படாது.

தஞ்சாவூர்ப் படம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகையும் துணியும் சுண்ணப் பூச்சும் சேர்ந்த அந்தப் படத்துக்கு ஈரமே எதிரி. மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று போகும். படத்தின் நடுப்பாகம் பார்ப்பவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலி போடும் கூடத்தில் நாலு அடி. பாய் விரித்து உட்காரும் வீட்டில் அதைவிடத் தாழ்வாக. நம்மில் பலர் உத்தரத்தை ஒட்டி மாட்டிவிட்டுக் கழுத்து வலிக்கப் பார்க்கிறோம்.

விளக்கு வாங்கும்போது அட்டையில் கெல்வின் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 6500 என்றால் வெள்ளை வெளிச்சம். பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் சமையல் மேடைக்கும் நல்லது. 2700 அல்லது 3000 மஞ்சள் வெளிச்சம். பூஜை இடத்துக்கும் சாப்பிடும் இடத்துக்கும் ஏற்றது. வீடு முழுதும் வெள்ளை விளக்கே போட்டால் ரயில்வே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

மூன்றாம் பாடம்: உடை

விதர்ப்பாவில் கோடையில் வெளியே போகும் ஆண்கள் வெள்ளைத் துணியால் தலையையும் காதையும் சுற்றிக்கொள்வார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. 1988 மே மாதம் ஒரு கூரையைப் பரிசோதிக்க வெறுந்தலையோடு ஏறி, அங்கேயே மயங்கி விழுந்தேன். கொத்தனார் ஒருவர் தம் தலைத் துணியை நனைத்து எனக்குச் சுற்றிவிட்டு இறக்கினார். அன்று முதல் எனக்கும் ஒரு துணி உண்டு. வெயிலிலும் தூசியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் உடையில் காரணம் இல்லாமல் இருக்காது.

இதற்காக நம் உடையை விட வேண்டியதில்லை. வீட்டில் எனக்கு இன்றும் வேட்டிதான். இங்கே நெய்யும் கோசாப் பட்டில் 'கர்வத்' என்றொரு கரை உண்டு. ரம்பப் பல் என்று பொருள். நம் கோபுரக் கரையைப் போலவே இருக்கும். என் மனைவி அதைக் கட்டிக்கொண்டு தலையில் மல்லிகை வைத்துப் போனால், இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் ஊர்ப் பெண் என்றுதான் நினைக்கிறார்கள்.

நான்காம் பாடம்: பெட்டி

இனி மீதிக் கதை. 1997 ஏப்ரலில் அடுத்த வீட்டு மராத்தி அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். எல்லோரும் அவரைக் காகூ என்போம். அன்று கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊர்ப் பொருள் ஒன்றுகூட இங்கே இல்லையே, நாளைக்குக் காலி செய்யப் போகிறீர்களா?" என்று கேட்டார். பிறகு சைத்ர கௌரிக்கு மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ள வரும்படி மனைவியை அழைத்துவிட்டுப் போனார்.

மாலையில் திரும்பி வந்த மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "படி கட்டி, ஊஞ்சல்ல அம்மனை வச்சு, சுத்தி பொம்மை அடுக்கியிருக்காங்க. மாங்காய் போட்ட பருப்பு, வெல்லம் போட்ட மாங்காய்ப் பானகம். நம்ம வடைப்பருப்பும் பானகமும் மாதிரியேதான். நம்ம வீட்டுலதான் ஒண்ணுமே இல்லை."

அந்த அக்டோபரில் டிரங்குப் பெட்டியை வெளியே இழுத்தேன். கட்டிலை ஒட்டிய சுவரில் ஈரம் ஏறியிருந்தது. பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, வைக்கோலில் கரையான். 31 பொம்மைகளில் 12 போய்விட்டன. காகிதக்கூழ் பொம்மைகள் ஊறி உப்பி உருவம் இழந்திருந்தன. அவள் அம்மா ஒவ்வொன்றாகச் சேர்த்த தசாவதார வரிசையில் மிஞ்சியவை மூன்று. அந்த அம்மாள் 1994இல் காலமாகிவிட்டார். மற்றவர் வீட்டுச் சுவரில் ஈரம் தேடுவதே வேலையாக 16 ஆண்டுகள் சம்பளம் வாங்கியவன், என் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை.

மனைவி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மரப்பாச்சிகளைத் துடைத்து, கர்வத் கரைத் துண்டில் புதுத் துணி தைத்துப் போட்டாள். நான் பேக்கிங் பலகையில் ஐந்து படி கட்டினேன். பின்னால் திரை கட்டுவதற்காக அரசுச் சுவரில் இரண்டு ஆணியும் அடித்தேன். முதல் நாளே ஏழு வீட்டார் வந்தார்கள். காகூ இரண்டு மண் பொம்மைகள் கொண்டுவந்து, எங்கே வைக்கலாம் என்று கேட்டு வைத்தார். இன்றும் அவை எங்கள் கொலுவில் இருக்கின்றன. 2019இல் ஓய்வு பெற்ற பிறகு இதே ஊரில்தான் வீடு வாங்கியிருக்கிறோம்.

சுருக்கமாக

வீட்டை அமைப்பதால் சொந்த ஊரை மறந்துவிட மாட்டோம். மாற்றல் வந்தாலும் ஓட்டையை அடைத்துவிட்டுப் போகலாம். ஆனால் காத்திருந்த வருஷங்களை எந்த ஆர்டர் போட்டும் திரும்ப வாங்க முடியாது. ஆகவே அன்பர்களே, ஊரின் வெயிலைக் கேட்டுத் திரை போடுங்கள். ஊராரைப் பார்த்துத் தலைக்குத் துணி கட்டுங்கள். ஊர்ப் பொருள் ஒன்றையாவது வருகிறவர் கண்ணில் படும்படி வையுங்கள்; அதைப் பற்றி அவர் கேட்கும் கேள்வியில் ஒரு பழக்கம் தொடங்கும்.

அந்தக் கோவைப் பெண் வீட்டுக்குப் போன ஞாயிறு துளைபோடும் கருவியோடு போனேன். முதல் பெட்டியில் அவர் அப்பா எழுதிக் கொடுத்த திருக்குறள் பலகை இருந்தது. மாட்டிக் கொடுத்தேன். நாலு அடி உயரத்தில்.

மீதி எட்டுப் பெட்டி இருக்கிறது. உங்கள் வீட்டில் எத்தனை?