சனிக்கிழமை மாலைக்கு ஓர் ஆட்டம்

அன்புள்ள வாசகிக்கு,

பீடோங்கிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. முதலாம் ஆண்டில் மகன், இரண்டாம் படிவத்தில் மகள், கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் கணவர், 70-ஐத் தாண்டிய மாமியார். நம் கெடாவில் பள்ளிக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, பினாங்கில் சனியும் ஞாயிறும். ஆகவே கொழுந்தனார் குடும்பத்தோடு சேர்ந்து உட்காரக் கிடைப்பது சனிக்கிழமை மட்டும்தான். அந்த மாலையில் ஆளுக்கொரு கைப்பேசியோடு மூலைக்கொருவராக ஒதுங்கிவிடுகிறார்கள், எல்லாரும் சேர்ந்து ஆட ஒரு நல்ல ஆட்டம் சொல்லுங்கள் என்கிறீர்கள். சுங்கைப் பட்டாணியில் ஒரு கடையில் பெட்டி பெட்டியாகப் பார்த்துத் தலை சுற்றி, ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாங்காததே நல்லது.

அந்தப் பெட்டிகளின் ஓரத்தில் '8 வயதுக்கு மேல்' என்று அச்சடித்திருப்பார்கள். சின்னவனுக்கு ஆகுமா ஆகாதா என்பதற்கு மட்டும்தான் அது பதில். உங்கள் மாமியாருக்கு அந்தச் சின்ன எழுத்து தெரியுமா, முழங்கால் வலியோடு தரையில் உட்கார முடியுமா, ஆங்கிலத்தில் எழுதிய அட்டையை அவருக்கு யார் படித்துக் காட்டுவது என்றெல்லாம் எந்தப் பெட்டியும் சொல்லாது. நம் வீடுகளில் சின்னவர்களைப் பார்த்து ஆட்டம் வாங்குகிறோம். பெரியவர்களைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் கட்சி. இன்னும் குறிப்பாகச் சொன்னால், அந்த ஆட்டத்தை வீட்டில் யார் மற்றவர்களுக்குச் சொல்லித் தரப்போகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

புதுப் பெட்டி வந்தால் என்ன நடக்கும்? உங்கள் மகள் விதிப்புத்தகத்தைப் படித்து எல்லாருக்கும் சொல்வாள். தம்பி பாதியைப் பிடித்துக்கொள்வான். பாட்டி கடைசியாகக் கற்பார், அதுவும் பேரப்பிள்ளைகள் முன்னால். "அப்படியில்லை பாட்டி", "உங்க டர்ன் இப்ப இல்லை பாட்டி" என்று நாலு தடவை கேட்டதும், "நீங்க ஆடுங்கய்யா, நான் பார்க்கிறேன்" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வார். மறுவாரம் யார் கூப்பிட்டாலும் வரமாட்டார். அவருக்கே தெரிந்த ஆட்டமாக இருந்தால் சொல்லிக்கொடுப்பவர் அவர், விதியில் தகராறு வந்தால் தீர்ப்பு சொல்பவரும் அவர். வயதுக்கு வயது இருக்கும் இடைவெளியில் பாதி அங்கேயே அடைபட்டுவிடும்.

ஆகவே என் முதல் யோசனை பல்லாங்குழி. கடையில் கேட்கும்போது சொங்காக் என்று கேளுங்கள். மலாய்க்காரர்களின் சொங்காக்கும் நம் பல்லாங்குழியும் ஒரே குடும்பத்து ஆட்டங்கள். பழைய 10 காசு நாணயம் வீட்டு உண்டியலில் கிடந்தால் திருப்பிப் பாருங்கள். 1989-இல் வந்த அந்த வரிசையில் 10 காசின் பின்புறம் சொங்காக் பலகைதான் இருக்கிறது, 5 காசில் பம்பரம்.

நம் பலகையில் பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14. சொங்காக் பலகையில் அதோடு இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி, அதை 'ரூமா' என்பார்கள். குழிக்கு 7 என்று போட்டால் 98 காய் வேண்டும். ஆட்ட முறையும் வேறு. சொங்காக்கில் சுற்றிவரும்போது சொந்த ரூமாவில் ஒரு காய் போட்டுவிட்டு, எதிராளியின் ரூமாவைத் தாண்டிப் போகவேண்டும். கடைசிக் காய் சொந்த ரூமாவில் விழுந்தால் இன்னொரு முறை ஆடலாம். முதல் சுற்றில் இருவரும் ஒரே நேரத்தில் கை போடுவார்கள், பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். தோற்றவர் அடுத்த சுற்றில் நிரப்ப முடியாத குழிகள் 'எரிந்த வீடு' ஆகிவிடும். நம் முறையில் காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். போகிற போக்கில் எந்தக் குழியிலாவது 4 காய் சேர்ந்தால் அது பசு, குழிக்குச் சொந்தக்காரர் உடனே அள்ளிக்கொள்வார்.

இந்தப் பசுதான் உங்கள் மகனைப் பிடித்து உட்காரவைக்கும். மற்றவர் ஆடும்போதும் அவன் தன் பக்கத்து 7 குழியையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று இருக்கிற குழியில் ஒன்று விழுந்த கணம் கை பாயும். தன் முறை வரும்வரை சும்மா காத்திருப்பது 7 வயதுக்காரனால் ஆகாத காரியம். இதில் அந்தக் காத்திருப்பே இல்லை. மகளுக்கு வேறு வேலை இருக்கிறது. எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கலாம், அதில் அவளுக்கு முடிவே வராது. பாட்டி அதை விரல் நுனியிலேயே செய்துவிடுவார்.

காயைப் பற்றி ஒரு வார்த்தை. பலகையோடு வரும் பிளாஸ்டிக் சோழியைத் தூர வையுங்கள், வழுக்கும். புளியங்கொட்டையே உத்தமம். குழம்புக்குக் கரைத்த புளியிலிருந்து எடுத்துக் கழுவிக் காயவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேண்டிய அளவு சேர்ந்துவிடும். தோட்டத்தில் லயத்து முன்வாசலில் மண்ணைக் குடைந்து குழி போட்டு, ரப்பர் விதையை வைத்து ஆடியவர்கள் உண்டு. காய் வெடிக்கும் காலத்தில் மரத்தடியில் பொறுக்கினால் போதும், ஒரு காசு செலவில்லை. (ஒரே மரத்து விதைகளுக்கு ஒரே புள்ளிக்கோலம்தான் இருக்கும், பிள்ளைகளிடம் காட்டுங்கள்.) ஆனால் கடைப் பலகையின் குழிக்கு அது பெரிது, நாலைந்து விதை போட்டதுமே நிரம்பி வழியும்.

பல்லாங்குழிக்கு இரண்டு பேர்தானே, எட்டுப் பேருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பக்கத்துக்கு இரண்டு பேராக உட்காரவையுங்கள், எந்தக் குழி என்று பெரியவர் சொல்ல, காயைப் போடுவது சின்னவர். அதற்கும் மேல் ஆள் இருந்தால் தாயத்துக்குப் போய்விடுங்கள். நாலு பேர், அல்லது இரண்டிரண்டு பேராக நாலு கட்சி. கட்டத்தை சாக்கட்டியால் தரையில் போடலாம். பாட்டிக்கு முழங்கால் வலி என்பதால் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் தடித்துப் போட்டு மேசையில் வைப்பது மேல். பித்தளைத் தாயக்கட்டை கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. நாலு புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தால் கருப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். தேய்க்கிற சூடு விரலில் ஏறும், பையனுக்கு அதுவே ஒரு விளையாட்டு. உருட்டிப் போட்டால் வெள்ளை முகம் எத்தனை மேலே விழுந்ததோ அதுதான் எண், ஒன்று விழுந்தால் தாயம்.

தாயம் விழாமல் காய் இறங்காது, மலையில் (பாதுகாப்பான கட்டத்தில்) இருக்கிற காயை வெட்ட முடியாது, ஒரு வெட்டாவது வெட்டாமல் பழம் எடுக்க (காயைக் கரையேற்ற) முடியாது. இந்த மூன்றும் புரிந்தால் ஆட்டம் புரிந்தது. விழுகிற எண் அதிர்ஷ்டம், எந்தக் காயை நகர்த்துவது என்பது புத்தி. வயது கலந்த வீட்டுக்கு இந்தக் கலவைதான் சரியான அளவு. முழுக்கத் திறமையாக இருந்தால் (சதுரங்கம், கேரம்) வென்றவரே திரும்பத் திரும்ப வெல்வார், சின்னவன் அழுவான். முழுக்க அதிர்ஷ்டமாக இருந்தால் மகள் கைப்பேசிக்குத் திரும்பிவிடுவாள். பாம்பும் ஏணியும் அந்த வகை. நம் பரமபதம் மாதிரியான இந்தியப் பலகைகள் 1890-களில் இங்கிலாந்து போய்த் திரும்பி வந்த உருவம் அது. ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் பெரியவர்களை அதில் கட்டிப்போட முடியாது.

ஆனாலும் அந்த வகையை அடியோடு தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் கீதா ராமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் வருமானம் குறைந்த குடும்பத்து மழலையர்களை, 1 முதல் 10 வரை நேர்வரிசையில் எண் போட்ட ஒரு பலகையில் ஆடவிட்டார்கள். கால் மணி, இருபது நிமிடம் என்று நாலே தடவைதான். பிள்ளைகளின் எண்ணறிவு தெளிவாக முன்னேறியது. பிறகு செய்த சோதனையில் வட்டப் பலகையில் ஆடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் வரவில்லை. எண்கள் நேர்வரிசையில் இருப்பதிலும், கட்டத்தைத் தொட்டு எண்ணை வாய்விட்டுச் சொல்லி நகர்த்துவதிலும்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். கொழுந்தனாரின் கடைக்குட்டி பாலர் பள்ளியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அவளுக்கு ஆகும்.

ஆடுபுலி ஆட்டத்தையும் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு. புலியை எப்போதும் சின்னவரிடம் கொடுங்கள். புலிக்குக் கண்ணில் பட்டதைத் தாண்டி வெட்டினால் போதும், ஆடு ஓட்டுபவர்தான் நாலு நகர்வு முன்கூட்டியே யோசிக்க வேண்டும். விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியாமலே சின்னவருக்குச் சலுகை கிடைத்துவிடும்.

இனி சீட்டு. சீட்டுக்கட்டு வீட்டுக்குள் வரக்கூடாது என்று மாமியார் பிடிவாதம் பிடிக்கிறார், காலத்துக்கு ஒவ்வாத பேச்சு என்று எழுதியிருந்தீர்கள். நான் அவர் பக்கம். சம்பள நாளன்று கள்ளுக்கடைக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்த கூட்டம் எத்தனை வீட்டுச் சம்பளத்தை விடிவதற்குள் முடித்தது என்பதை அந்தத் தலைமுறைப் பெண்கள் கண்ணால் பார்த்தவர்கள். 'கழுதை ஆட்டம்தான் அத்தை, காசு வைக்கமாட்டோம்' என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அவர் இருக்கும் வீட்டில் ராஜா ராணிக் கட்டு வேண்டாம், அவ்வளவுதான்.

ஊனோ வேறு. நாலு நிறம், 0 முதல் 9 வரை எண், சில குறிகள். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ் 1971-இல் உருவாக்கியது அது. வாங்கும் முன் மாமியாரிடம் ஓர் அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். அவர் சரி என்றால் இரண்டு விஷயம். 7 அட்டையை விசிறியாகப் பிடிப்பது வயதான விரலுக்குச் சிரமம். துணி தேய்க்கும் பிரஷ் புதிதாக ஒன்று வாங்கி, முள் மேலே இருக்கும்படி அவர் முன் வையுங்கள், அட்டைகள் அதில் செருகி நிற்கும். அடுத்து, +2 மேல் +2 அடுக்கலாமா என்று சண்டை வரும். அடுக்கக்கூடாது என்று தயாரிப்பாளரான மாட்டெல் 2019-இல் சொல்லிவிட்டது, உலகம் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்கு எது என்பதை அட்டை பிரிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

மோனோபோலி, அதன் மலேசியச் சாயலான சைடினா இரண்டையும் நான் வாங்கச் சொல்லமாட்டேன். ஆட்டம் இரண்டு மூன்று மணி நேரம் இழுக்கும், உங்கள் கணவர் இரவு ஷிப்டுக்குப் பாதியில் எழுந்து போவார். நொடித்துப் போனவர் மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா உட்கார வேண்டும், அது பெரும்பாலும் பையனாகத்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. மோனோபோலிக்கு மூலமான ஆட்டத்தை எலிசபெத் மாகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-இல் பதிவு செய்தபோது, வாடகை வாங்கியே ஒருவர் கொழுக்க மற்றவர்கள் வற்றிப்போவதைக் காட்டத்தான் செய்தார். தோட்டம் கைமாறியபோது லயத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு வந்தவர் உங்கள் மாமியார். அந்தப் பாடத்தை அவருக்குப் பலகை வைத்துச் சொல்லவேண்டியதில்லை.

எழுத்தடுக்கும் ஆட்டங்களை (ஸ்கிராபிள், மலாயில் சாஹிபா) மகளும் அவள் தோழிகளும் ஆடிக்கொள்ளட்டும். எல்லாரும் ஒரே கட்சியாக நின்று ஆட்டத்தையே எதிர்த்து ஆடும் புது வகையும் வந்திருக்கிறது. அதில் விவரம் தெரிந்த ஒருவரே எல்லார் கையையும் நகர்த்தி நாட்டாமை பண்ணும் ஆபத்து உண்டு. 2013-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருது பெற்ற ஹனாபி என்ற சிறு அட்டை ஆட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: உங்கள் அட்டையை நீங்கள் பார்க்கக்கூடாது, மற்றவர்களுக்குத் தெரியும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும். கணவரும் மகளும் நீங்களும் ஆடிப் பார்க்கலாம். பாட்டியை அதில் இழுக்க வேண்டாம்.

பையன் தோற்று அழுதால் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், 7 வயதில் அது கண்டுபிடிக்கப்பட்டுவிடும். சலுகையை வெளிப்படையாகக் கொடுங்கள். "நீ சின்னவன், உன் கணக்கில் 5 காய் முதலிலேயே சேர்த்துக்கொள், அடுத்த மாதம் 3 தான்" என்று சொல்லிக் கொடுத்தால் அவனும் மானத்தோடு வாங்கிக்கொள்வான்.

ஒரு வேலை உங்களுக்கு. பல்லாங்குழியில் குழிக்கு 5 போடுவார்களா 6 போடுவார்களா, பசு 4-க்கா வேறு எண்ணுக்கா, தாயக்கட்டம் 5-க்கு 5-ஆ 7-க்கு 7-ஆ என்பதெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். உங்கள் மாமியார் வளர்ந்த தோட்டத்தில் எப்படி ஆடினார்கள் என்று கேட்டு, தோட்டத்தின் பெயரோடு எனக்கு எழுதி அனுப்புங்கள். வெட்டுப்பட்ட காயை எங்கே வைப்பார்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்