‘மார்பிட்’ என்றால் மரணமா?

ஓமானின் சோஹாரில் என் அறைத் தோழர் ஒருவர், மருத்துவப் பரிசோதனை முடிந்து வந்த காகிதத்தை என்னிடம் நீட்டினார். ‘மார்பிட் ஒபிசிட்டி’ என்ற வரியின் கீழ் பேனாவால் இரண்டு கோடு இழுத்திருந்தார். “அண்ணே, மார்பிட்னா சாவுதானே? ஊருக்குச் சொல்லிடவா?” கை நடுங்கியது.

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ‘மார்ச்சுவரி’, ‘மார்ட்டாலிட்டி’ போலக் காதில் விழுவதால் வந்த குழப்பம் இது. அவை சாவைக் குறிக்கும் ‘மோர்ஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தவை. நம் ‘மரண’த்துக்கும் தூரத்து உறவு. மார்பிட்டின் தாய்ச்சொல் ‘மோர்பஸ்’. அதற்கு லத்தீனில் நோய் என்று பொருள். 1650-களில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அந்தப் பொருளோடுதான் வந்தது. (இரண்டுக்கும் ஆதிவேர் ஒன்றோ என்று சில சொல்லாய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்; முடிவாகவில்லை.)

2020-ல் தமிழ்நாட்டுக் கொரோனா செய்திகளில் தினமும் கேட்ட ‘இணை நோய்’ நினைவிருக்கிறதா? கோ-மார்பிடிட்டிக்குத் தமிழ் அதுதான். அருமையான சொல்லாக்கம், சாவு அதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தோழரின் காகிதம் சொன்னதும் இவ்வளவே: உடல் நிறைக் குறியீடு 40-ஐத் தொட்டுவிட்டது. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 116 கிலோ. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வரக்கூடும், எடையைக் குறைக்க வேண்டும்.

வளைகுடாவில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. இங்கே நோயாளியை அரபியில் ‘மரீத்’ என்பதால், மார்பிட்டும் அரபிச் சொல்தான் என்பார்கள். இல்லை. மரீத் செமிட்டிய வேரில் பிறந்தது. ஒலி ஒத்துப்போனது தற்செயல். அதைவிட வியப்பு இத்தாலியில் இருக்கிறது: மோர்பஸின் வழி வந்த சொல் அங்கே ‘மோர்பிதோ’ ஆகி, ‘மென்மையான’ என்று பொருள் மாறிவிட்டது. தலையணைக்குக்கூட அப்படிச் சொல்கிறார்கள்.

சாவையும் இருளையுமே சுற்றிவரும் மனத்தை மார்பிட் என்பது பின்னால் வந்த வழக்கு. அதில்தான் எனக்கு வருத்தம். ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு “செத்தா தேவலை” என்கிறான் ஒருவன். “மார்பிடா பேசாதடா” என்று அதட்டி அவன் வாயை அடைக்கிறோம். காய்ச்சலில் கிடப்பவனை இப்படி அதட்டுவோமா? அந்தச் சொல்லுக்குள்ளேயே நோய் இருக்கிறது. உங்கள் அறையில் அப்படி ஒருவர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பேசவிடுங்கள். வெள்ளிக்கிழமை லீவு வரட்டும் என்று காத்திருக்காமல், இன்றைக்கே டாக்டரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.